எண்ணூர் மணலில் கடலை போடலாமா

போன வாரம், ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "மேடம், ரிசல்ட் வந்துடுச்சு, இன்காக்னிட்டாதான்" என்றார். எந்தத் தோட்டம், எத்தனை செடியிலிருந்து வேர் எடுத்தார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கூரியரில் ஒரு குழாய் வந்திருக்கிறது, அதற்குள் ஒரு புழு. அதன் மரபணுவை இயந்திரம் படித்துவிட்டது. அது சொன்ன இனப் பெயர் சரியாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இயந்திரம் எங்கள் காலத்தில் இருந்திருந்தால் எனக்கு எத்தனையோ தலைவலி மிச்சமாகியிருக்கும். இருந்தாலும் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செடியின் வேருக்குள் புகுந்து முடிச்சுப் போடும் நூற்புழு எந்த இனம் என்று சொல்லப் போய் நான் மாட்டிக்கொண்ட கதை அது.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி ஒரு அரசு ஆய்வுக்கூடம். நான் அங்கே சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கப்பலில் வரும் செடியிலும் கிழங்கிலும் பூச்சி, புழு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் முக்கிய வேலை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஏதாவது நோய் என்றாலும் எங்களைத்தான் அனுப்புவார்கள். நான் பிறந்து வளர்ந்ததே ராயபுரம். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போக வேண்டியிருந்தால், "அந்தப் பக்கத்து பாஷை உங்களுக்குத்தான் வரும்" என்று சொல்லி என் தலையில் கட்டிவிடுவார்கள்.

அப்படித்தான் அந்தத் தோட்டங்களுக்குப் போனேன். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் வழியில், ரயில் பாதைக்கும் ஒரு தொழிற்சாலைக்கும் நடுவே கொஞ்சம் மணல் நிலம். பத்துப் பதினைந்து குடும்பங்கள் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி, தக்காளி, வெண்டை போட்டிருந்தார்கள். காலையில் பறித்து வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வருடம் செடிகள் வளரவே இல்லை. உச்சி வெயிலில் துவண்டு விழுந்தன, சாயங்காலம் லேசாக நிமிர்ந்தன, சில நாளில் மஞ்சளாகிப் போயின. தோட்டத்தின் கிழக்கு ஓரமாகத் தொழிற்சாலையின் கழிவுநீர்க் கால்வாய் ஓடியது. எல்லாம் அந்தத் தண்ணீரால்தான் என்று தோட்டக்காரர்கள் முடிவுக்கு வந்திருந்தார்கள். தொழிற்சாலை வாசலில் லாரியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, பேச்சுவார்த்தை நடந்தது, கடைசியில் செடிகளைப் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி எங்கள் அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது.

லாரியை மறித்தவர்களில் முன்னால் நின்றவர் பங்காரம்மா. நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை. அவருடைய தோட்டம் மேற்கே, கால்வாயிலிருந்து தள்ளி இருந்தது. அடுத்த தோட்டம் அவருடைய கொழுந்தன் கன்னியப்பனுடையது. நான் அங்கேதான் முதல் செடியைப் பிடுங்கினேன். வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக வீங்கி, மணி கோத்த மாதிரி இருந்தது. ஒரு முடிச்சைப் பிளேடால் கீறி லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே வெள்ளையாக, முத்து போல, கடுகைவிடச் சின்னதாகப் பெண் புழு. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"சரி, பூச்சி கீது," என்றார். "அப்ப ஃபேக்டரிகாரன் மேல ஒரு தப்பும் இல்லன்னு எய்திக் குடுக்கப் போற. அதுக்குத்தான உன்ன அனுப்பிக்கிறாங்க?"

நான் இன்னும் எதையும் எழுதவில்லை என்றேன். அவர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கால்வாயை ஒட்டிய பாத்திகளுக்குப் போனேன். தூரத்திலிருந்து பார்க்க அங்கேயும் அதே வாட்டம்தான். கிட்டப் போனால் இலை விளிம்பு தீய்ந்திருந்தது. ஒவ்வொரு பாத்தியிலும் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பாகி அழுகியிருந்தது, முடிச்சு ஒன்றுகூட இல்லை. மேற்கே புழு, கிழக்கே வேறு ஏதோ. ஒரே மாதிரி வாடிய தோட்டத்தில் இரண்டு விதமான சாவு நடந்துகொண்டிருந்தது.

மறுநாளே தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். மரியாதையான மனிதர். பயிரில் புழு இருந்ததாகக் கேள்விப்பட்டேன், அதை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்றார். கிழக்குப் பாத்திகளில் புழு இல்லை என்றும் எழுதுவேன் என்றேன். "உங்களைக் கேட்டது புழு இருக்கா இல்லையா என்பதுதானே? இல்லாத இடத்தைப் பற்றி எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வாதம் செய்யத் தெரிந்தவர். அவர் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த ஒரு வரி உண்மைதான். ஆனால் அதை மட்டும் எழுதினால் கிழக்கே இருந்த குடும்பங்களுக்குக் கேட்க நாதி இருக்காது.

எங்கள் தலைமை அதிகாரி அதிகம் பேசாதவர். ஓய்வுபெற இரண்டொரு வருடங்கள் இருந்தன. வந்தவர் போனதும் என்னைக் கூப்பிட்டு, கிழக்குப் பாத்திகளில் என்ன காரணம் என்று கேட்டார். தெரியாது, தண்ணீரைச் சோதிப்பது நம் வேலை இல்லை என்றேன். "அப்படின்னா அதையே எழுதுங்க. எங்கே இருந்தது, எங்கே இல்லை, எது நமக்குத் தெரியாது. மூணும் இருக்கணும்" என்றார். எழுதினேன். ஒரு எழுத்து மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மேலிடத்திலிருந்து இரண்டு முறை அவருக்குத் தொலைபேசி வந்தது எனக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. பிறகு வேறொரு துறை வந்து கால்வாய்த் தண்ணீரை எடுத்துப் போனது. அடுத்த கோடைக்குள் தொழிற்சாலை அந்த இடத்தில் கழிவுநீருக்குக் குழாய் பதித்தது. தண்ணீரில் என்ன இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

அந்த அறிக்கையோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

மேற்குத் தோட்டக்காரர்களுக்கு இழப்பீடு கிடையாது, புழுவுக்கு யார் கொடுப்பார்கள்? அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வேளாண் விரிவாக்க அதிகாரி ஒருவர் முன்வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். மணல் நிலம், மார்கழிப் பட்டத்தில் எல்லோரும் வேர்க்கடலை போடட்டும், விதை இலவசம் என்றார். அதற்கு ஒரு அறிவியலும் இருந்தது. கத்தரியைத் தாக்கும் இன்காக்னிட்டா என்ற இனம் கடலையில் பிழைக்காது. ஒரு பட்டம் கடலை போட்டால் புழு பட்டினியில் செத்து, மண் சுத்தமாகிவிடும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே புத்தகத்தில், அரனேரியா என்ற இன்னொரு இனம் கடலையை விரும்பித் தின்னும் என்றும் இருந்தது. இரண்டும் கத்தரி வேரில் ஒரே மாதிரிதான் முடிச்சுப் போடும். ஆக, புழுவின் பெயரைப் பொறுத்து அந்தக் கடலை ஒன்று மருந்து, இல்லாவிட்டால் புழுவுக்கு விருந்து.

இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பெண் புழுவின் பின்முனைத் தோலை வெட்டியெடுத்து, சுத்தம் செய்து, நுண்ணோக்கியில் வைத்தால், நம் விரல் ரேகை போலக் கோடுகள் தெரியும். இன்காக்னிட்டாவுக்கு மேல் வளைவு உயரமாக, சதுரமாக எழும்பியிருக்கும். அரனேரியாவுக்குத் தாழ்வாக, உருண்டையாக இருக்கும். படத்தில் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் வெட்டிய தோல்களில் பெரும்பாலானவை உயரமான வளைவு. சில தாழ்வானவை. சில, எந்தப் படத்தோடும் சேராமல் நடுவில் நின்றன. அந்தச் சிலதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தன. ஒரே இனத்துக்குள் வரும் வேறுபாடா, அல்லது ஒரே தோட்டத்தில் இரண்டு இனமா? நூற்றுக்கணக்கில் பார்த்த தலைமை அதிகாரியே குனிந்து பார்த்துவிட்டு, இது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்றார்.

விரிவாக்க அதிகாரிக்குப் போன் செய்தேன். பெரும்பாலானவை இன்காக்னிட்டா என்று நீங்களே சொல்கிறீர்கள், விதை மூட்டை வந்து இறங்கிவிட்டது, நாலைந்து ஸ்லைடை வைத்துக்கொண்டு ஏழைகள் வயிற்றில் அடிக்கிறீர்களே என்று அவர் வருத்தப்பட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

இன்னொரு வழி இருந்தது. வெளிநாட்டில் சிலர் புழுவை நசுக்கி, அதன் நொதிகளை ஜெல் என்கிற கூழ்த் தட்டில் மின்சாரத்தால் ஓடவிட்டு, எந்தெந்த இடத்தில் பட்டை விழுகிறது என்று பார்த்து இனத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். உங்கள் மூலக்கூறு முறைகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. எங்களிடம் அந்தக் கருவி இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியில் ரத்தப் புரதம் பார்க்க வைத்திருந்தார்கள். என்னோடு படித்த தோழி அங்கே வேலை பார்த்தாள். ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு வேர்களை அதற்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இருவரும் சேர்ந்து முயன்றோம். பட்டைகள் தெளிவாக விழவில்லை. ஈரத்துணியில் மை ஊறிய மாதிரி பரவிக் கிடந்தன. ஒப்பிட்டுப் பார்க்க, இனம் தெரிந்த புழுவும் எங்களிடம் இல்லை. தோழி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க ஒண்ணு தெரியுற மாதிரி இருக்கு. உனக்கு எது வேணுமோ அதுன்னு எடுத்துக்கலாம்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. புதிய கருவியில் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். அந்தத் தட்டை அங்கேயே கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மிச்சம் இருந்தது பழைய முறை. ஒவ்வொரு தோட்டத்து மண்ணையும் தனித்தனித் தொட்டியில் போட்டு, கடலை விதைத்து, வேரில் முடிச்சு வருகிறதா என்று பார்ப்பது. அது பொய் சொல்லாது. ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மார்கழிப் பட்டம் எனக்காகக் காத்திருக்காது. ஆய்வுக்கூடத்துப் பின்கட்டில் தொட்டிகளை வைத்துவிட்டு, தலைமை அதிகாரியிடம் போய், தோட்டக்காரர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்க" என்றார். தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியும் என்றேன். "அதைச் சொல்லப் போகணும்னா நேர்ல போகணும். போன்ல சொல்லக் கூடாது" என்றார்.

விதை கொடுத்த அன்று போனேன். மூட்டையைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். விரிவாக்க அதிகாரி கடலையின் நன்மையை விளக்கி முடித்திருந்தார். அவர் முன்னாலேயே சொன்னேன்: உங்கள் மண்ணில் இருக்கும் புழு கடலையை விட்டுவிடும் இனமா, பிடித்துக்கொள்ளும் இனமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை, ஆளுக்கு ஒரு பாத்தி மட்டும் கடலை போடுங்கள். மீதியில் செண்டுமல்லி போடுங்கள், அதன் வேரில் இரண்டு இனமும் பெருகாது, பூவையும் விற்கலாம். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. படித்த பொம்பளை, கவர்ன்மென்ட் சம்பளம், தெரியலை என்று சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். விரிவாக்க அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்காரம்மா சிரிக்கவில்லை. என்னைத் தனியாக வேலி ஓரம் கூட்டிப் போனார்.

"உன் சொந்த நெலமா இருந்தா இன்னாம்மா செய்வ?"

"இப்ப சொன்னதத்தான் செய்வேன்."

"பூவு எவன் வாங்குவான்?"

பூக்கடைப் பக்கம் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவர் சொன்னார்: "நீ ஃபேக்டரி ஆளா இருந்தா தெரிலன்னு சொல்லியிருக்க மாட்ட. அவுங்களுக்கு எல்லாம் தெரியும்."

அவரும் இன்னும் இரண்டு குடும்பங்களும் நான் சொன்னபடி செய்தார்கள். மற்றவர்கள் தோட்டம் முழுவதும் கடலை போட்டார்கள், கன்னியப்பன் உட்பட. விதை சும்மா கிடைக்கிறது, அதிகாரி அடித்துச் சொல்கிறார், யார்தான் பூ நடுவார்கள்?

தொட்டிகளைத் தினமும் பார்த்தேன். மாசி பிறந்ததும் ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்து வேரைக் கழுவினோம். கடலைக்கு இயல்பாகவே வேரில் சத்து முண்டுகள் இருக்கும். அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இதைச் சொல்லக் காரணம், பயந்துபோன கண்ணுக்கு எல்லாமே முடிச்சாகத் தெரியும். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தோம். முக்கால்வாசித் தோட்டத்து மண்ணில் கடலை வேர் சுத்தமாக இருந்தது. மேற்குக் கோடித் தோட்டங்களின் மண்ணில், தேய்த்தும் உதிராத வீக்கம். வேரே வீங்கியிருந்தது. கீறிப் பார்த்து, உள்ளே இருந்த புழுக்களின் தோலை வெட்டினேன். எல்லாமே தாழ்வான, உருண்டை வளைவு. தலைமை அதிகாரி பார்த்துவிட்டு எழுந்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த நிலத்தில் இரண்டு இனமும் இருந்தன. பங்காரம்மாவின் தோட்டமும் கன்னியப்பனின் தோட்டமும் அரனேரியா இருந்த பக்கம்.

அன்று மத்தியானமே பஸ் பிடித்தேன். தாமதம் என்று தெரியும், இருந்தாலும் போனேன். பங்காரம்மாவின் தோட்டத்தில் செண்டுமல்லி மொட்டு விட்டிருந்தது. அந்த ஒரு பாத்திக் கடலை மட்டும் சோர்ந்து மஞ்சளாக நின்றது. ஒரு செடியைப் பிடுங்கினேன். பிஞ்சுக் காயின் மேலெல்லாம் பரு பருவாக இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தார். அங்கே நிலம் முழுவதும் அதே மஞ்சள்.

கன்னியப்பன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். காயைக் காட்டினேன். புழுவின் பெயர் இப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது என்றும், இந்தச் செடிகளை வேரோடு பிடுங்கிக் காயவைத்துக் கொளுத்திவிட வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நீங்க ஒறுதியா சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன் மேடம்," என்றார். "அவுரு ஒறுதியா சொன்னாரு. நீங்க தெரிலன்னீங்க. நான் யார் பேச்சக் கேக்கறது?"

பங்காரம்மா கொழுந்தனை அதட்டப் பார்த்தார். வேண்டாம் என்று கைகாட்டினேன். நியாயமான கேள்வி அது. நான் சொன்னது சரிதான். இன்று அதே நிலைமை வந்தாலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "தெரியாது" என்ற அந்தச் சொல் பங்காரம்மாவை என் பக்கம் கொண்டுவந்தது, கன்னியப்பனை எதிர்ப்பக்கம் தள்ளியது. சொன்னவள் நான், சொல் ஒன்று, கேட்டவர்கள் இரண்டு பேர். கூட்டத்தில் நின்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, விசாரித்த ஒருவரிடம் மட்டும் நின்று பேசினேன். கன்னியப்பன் வீட்டுப் படியேறிப் போய், உட்கார்ந்து, எது தெரியாது, ஏன் தெரியாது, தவறாகப் போனால் அவருக்கு என்ன போகும் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. கேட்காமலும் போயிருக்கலாம். அதன் பிறகு என் பணிக்காலம் முழுவதும், சந்தேகமான முடிவு என்றால் அந்தப் படியேறும் வேலையை நான் தபாலுக்கோ போனுக்கோ விட்டதில்லை.

செடிகளைப் பிடுங்க நானும் கூட நின்றேன். பங்காரம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். மணல் என்பதால் வேர் அறுபடாமல் வந்தது. வரப்போரம் குவித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கொளுத்தினோம். அந்தக் கோடையில் கன்னியப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன். விரிவாக்க அதிகாரி ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து தொட்டிகளைப் பார்த்தார். இனி விதை கொடுக்கும் முன் மண்ணை உங்களுக்கு அனுப்புகிறேன் என்றார். மாறுதலாகிப் போகும்வரை சொன்னபடியே அனுப்பினார்.

கூழ்த் தட்டு முறை சில வருடம் கழித்து எங்கள் கைக்கும் வந்தது. இப்போது உங்களிடம் அதைவிடப் பல மடங்கு நல்ல கருவி இருக்கிறது. அதை நன்றாகப் பழகுங்கள். ஒரு புழுவை வைத்து ஒரு நிலத்துக்குப் பெயர் சொல்லாதீர்கள். மூலைக்கு மூலை போய் எடுங்கள். நுண்ணோக்கியையும் தொட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இயந்திரம் குழம்பினால் அவைதான் கைகொடுக்கும். இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த முடிவுக்காக வரப்பில் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த பட்டம் தொடங்கும் முன் கன்னியப்பன் ராயபுரத்துக்கு வந்தார். வாசலில் காவலாளி நிறுத்தி வைத்திருந்தார். நான் போய் உள்ளே அழைத்து வந்து நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை.

"இப்பவாவது தெரியுமா மேடம், இன்னா போடலாம்னு?"

"தெரியும்," என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்தார்.